கலர் கண்ணாடி பார்க்கப் போனது

பெரிய காஞ்சிபுரம்

அன்பு மகன் லோகேஷுக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதறது. ஏகாம்பரநாதர் புண்ணியத்துல இங்க நான் சுகமா இருக்கறேன். நீயும் புவனேஸ்வரியும் டப்ளின் குளிர்ல உடம்பு கெடாம இருந்தா எனக்கு அதுவே போதும். போன் இருக்கும்போது கடுதாசி எதுக்குன்னு நினைப்ப. போன்ல பேசினா ரெண்டு பேருக்கும் கோவம் வந்துடுது, நீ கட் பண்ணிடற. இதையாவது கடைசி வரைக்கும் படிச்சிடுப்பா.

உன் சித்தப்பா பஞ்சாட்சரம் உனக்கு போன் பண்ணி, அண்ணி சர்ச்சுக்குப் போய் வந்துக்கினு இருக்குதுன்னு சொன்னது நிஜம்தான். முதல்ல ஒரு நாள் பேங்க்குக்குப் போய்ட்டு வெயில்ல நடந்து வந்தேன், தலை சுத்துச்சு. அந்தப் பழைய சர்ச்சு கேட்டு திறந்து இருந்தது, உள்ள போய் பெஞ்சுல உக்காந்துட்டேன். கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து அந்த வழியாத்தான் போறேன், வெளிய இருந்து பார்த்தா அந்த ஜன்னலெல்லாம் கரி படிஞ்ச மாதிரிதான் தெரியும். உள்ள இருந்து பார்த்தாதான்பா அது என்னன்னு தெரியுது. அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், அவ்வளவும் கண்ணாடியில. வெயில் பட்டு அந்தக் கலரெல்லாம் தரையில விழுது, என் புடவை மேலயும் விழுது. சாயத் தொட்டியில இருந்து எடுத்த ஈரப் பட்டு மாதிரி ஒரு பளபளப்பு. சுவரு நம்ம கை முழம் ரெண்டு இருக்கும், அவ்வளவு கனம். மேல தேக்கு உத்தரம், கூரை எங்கேயோ உசரத்துல இருக்குது, உள்ள அப்படி ஒரு குளுமை.

அங்க பெருக்கித் துடைக்கிற எல்லம்மாள் வந்து தண்ணி கொடுத்தா. ஒரு ஜன்னல்ல கிணத்துப் பக்கம் குடத்தோட ஒரு பொம்பளை நிக்கறா, யாரும்மா இதுன்னு கேட்டேன். ஊர்ல யாரும் பேசாத பொம்பளைம்மா, அதான் உச்சி வெயில்ல தனியா தண்ணி எடுக்க வந்தா, எங்க சாமி அவகிட்ட போய் குடிக்கத் தண்ணி கேட்டாருன்னு சொன்னா. உங்க அப்பா போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் என்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்க வீட்டுல யாரு இருக்கறாங்க, காபி கேட்கறதுக்குக்கூட ஆள் இல்ல. சில நாள் பால்காரர்கிட்ட பேசறதோட என் பேச்சு முடிஞ்சிடுது.

அதனால அப்பப்போ போனேன். நான் மதம் மாறல. பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போறேன், வீட்டுல விளக்கு ஏத்தறேன். தலை சுத்தி உக்காந்தேன்னு நான் போன்ல சொன்னப்ப நீ எந்த சர்ச்சு, யார் கூட்டிக்கினு போனாங்கன்னுதான் கேட்ட. வீட்டைப் பூட்டிட்டு அண்ணாநகர் பெரியம்மாகிட்ட போய் இருன்னு சொல்லிட்டு வெச்சுட்ட. நான் ரொம்ப நேரம் போனைக் கையிலயே வெச்சுக்கினு இருந்தேன்பா.

போன வாரம் நான் சர்ச்சுல இருக்கும்போது சித்தப்பா நேராவே அங்க வந்துட்டாரு. வாசல்ல நின்னுக்கினு, அண்ணி வெளிய வாங்கன்னு சத்தம் போட்டாரு. எல்லம்மாள் பயந்துட்டா. உள்ள வந்து ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் திட்டுங்கன்னு சொன்னேன். செருப்பை வாசல்லயே கழட்டிட்டு வந்தாரு. நிமிர்ந்து பார்த்தவரு என் பக்கத்து பெஞ்சுல உக்காந்துட்டாரு. வெயில் நகர்ந்து, தரையில விழுந்த கண்ணாடிச் சிவப்பு சுவத்துக்கு ஏறினப்புறம்தான் எழுந்தாரு. வழியில, ஊர்ல நாலு பேரு பேசத்தான் செய்வாங்க அண்ணி, எனக்குப் பிடிக்கலதான், ஆனா நீங்க வர்றதா இருந்தா சொல்லுங்க, வண்டியில கொண்டாந்து விடறேன், வெயில்ல நடக்காதீங்கன்னு சொன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நேத்து அவருதான் டாக்டர்கிட்ட கூட்டிப் போனாரு, பிரஷர் மாத்திரை மாத்திக் கொடுத்து இருக்கறாரு டாக்டர், நீ பயப்படாத.

அண்ணாநகருக்கு நான் போகல. என் வீட்டுலயே இருக்கறேன்.

புவனாவை ஷால் இல்லாம வெளிய அனுப்பாத. நீயும் ராத்திரி பிரெட்டைத் தின்னுட்டுப் படுக்காம, கொஞ்சம் சோறு வடிச்சு ரசம் ஊத்திச் சாப்பிடு. ரெண்டு பேரும் குறைவில்லாம நல்லா இருங்க. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுப்பா. பேச விஷயம் இல்லைன்னாலும் பரவாயில்ல, நீ உன் வேலையைப் பார்த்துக்கினே கொஞ்ச நேரம் லைன்ல இரு.

உன்னைப் பெத்தவ,
நீலாம்பாள்