அப்பா வண்டியை மாற்றிவிட்டார்

பாளையங்கோட்டை
திங்கட்கிழமை காலை

அன்பு மகன் ஹெப்ரானுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உன் மகள் ரீபா சாத்தான்குளத்தில் தன் அம்மா ஸ்டெபியோடும் ஆச்சியோடும் நன்றாகப் பால் குடித்து வளருகிறாள். குப்புற விழுகிறாளாம். ஜாம்நகரில் உனக்குச் சாப்பாடு எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்வாய்.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். வாட்ஸாப்பில் எழுதலாம் என்றால், என் போனையும் அவர்தான் வாங்கி யார் யார் குட்மார்னிங் அனுப்பினார்கள் என்று பார்க்கிறார். காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவருக்கு அடுத்தவர் நோட்டைத் திறந்து பார்ப்பது தப்பாகவே தெரிவதில்லை. அதனால் கறிவேப்பிலை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இதை ஸ்பீடு போஸ்டில் போடப் போகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் முடிந்ததும் ஸ்டெபியையும் பிள்ளையையும் நம் வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். நாலாவது மாதமும் முடியப் போகிறது. இன்னும் அழைத்து வரவில்லை. அதற்கு ஒரே காரணம், நானே கார் ஓட்டிக் கூட்டி வருவேன் என்று உன் அப்பா சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

பிள்ளை பிறந்தபோது நீ வந்திருந்த நாட்களில் நீதான் ஓட்டினாய். அதனால் உனக்கு இது தெரியாது. இப்போதெல்லாம் அவர் ஓட்டுவதைப் பார்த்தால் கல்லும் கரைந்துவிடும். நம் பழைய வெள்ளை வண்டியின் இடது பக்கத்தில் பெயிண்ட் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இடது கண்ணாடியை மாட்டி மாட்டி எனக்கே அந்த வேலை தெரிந்துவிட்டது. சீவலப்பேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நல்ல அகலமான ரோடு. இவர் பைய ரோட்டை விட்டு வண்டியை இறக்கி, களத்தில் காய்ந்துகொண்டிருந்த நெல்லின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த பெண் கோபப்படக்கூட இல்லை. "ரோடு அங்கன கெடக்கு அண்ணாச்சி, இங்கன எங்க வாரிய?" என்று கேட்டாள். நான் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டேன்.

வண்டியை எடுக்கும்முன் அவர் ஜெபம் செய்வார், உனக்குத் தெரியும். இப்போது ஏறி உட்காருகிறவர்கள் இறங்கும்வரை ஜெபத்தை நிறுத்துவதில்லை. எதிர் வீட்டு ரிச்சர்ட் சாரைக் கோவிலுக்கு வண்டியில் கூப்பிட்டால், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை கொட்டுகிற மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் சொன்னபடி நடந்தார்.

நேராகச் சொல்ல வேண்டியதுதானே என்பாய். யார் சொல்வது? உன் நிச்சயதார்த்தத்தில் அத்தனை பேர் முன்னாலும் உன் மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கிற வரைக்கும் உங்க பிள்ளைய பஸ்ஸுல ஏத்த மாட்டேன், நானே வண்டி ஓட்டிக் கூட்டிட்டு வருவேன்" என்று வாக்குக் கொடுத்த மனுஷர். அந்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறார். நான் ஒரே ஒரு நாள், உங்களுக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று கேட்டேன். இரண்டு நாள் எனக்கு 'ம்' மட்டும்தான் கிடைத்தது. ஸ்டெபியிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் மாமாவிடம் போய்ச் சாவியைக் கேட்பதா, என்னால் முடியாது அத்தை என்கிறாள்.

அதனால் நானும் அவளும் போனில் கலந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். குறையெல்லாம் வண்டியின் மேல் சொல்வது என்று முடிவு செய்தோம். ஏசி இல்லை, பின்னால் பெல்ட் இல்லை, பிள்ளையின் சாமான் வைக்க இடமில்லை என்று நாலு பக்கமிருந்தும் பேசினோம். மெக்கானிக் முகம்மது மைதீனைப் பிடித்து, அவனையும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். அவன் உன் அப்பாவிடம் பள்ளிக்கூடத்தில் படித்தவன், நடுங்கிக்கொண்டே வந்தான். "சார், இதுல பச்சப்பிள்ளைய ஏத்தாதிய. இஞ்சின் போயிட்டு" என்றான். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறு வாரமே வெள்ளை வண்டி விலை போயிற்று. பத்து நாள் ஆட்டோவில் எவ்வளவு நிம்மதியாகப் போய் வந்தோம் தெரியுமா? ரிச்சர்ட் சார்கூட எங்களோடு ஆட்டோவில் ஏறினார்.

அப்புறம் ஒரு நாள், ஒரு இடத்துக்குப் போகலாம் வா என்றார். பேத்திக்குச் செயின் எடுக்கப் போகிறோம் என்று நினைத்து நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். வண்ணார்பேட்டையில் ஒரு கார் கடை வாசலில் இறக்கினார். அங்கே சிவப்பு ரிப்பன் கட்டி ஒரு பெரிய வண்டி நிற்கிறது. ஏழு பேர் உட்காரலாம் என்றார். நம் வீட்டில் ஏழு பேர் இல்லை, இருந்தாலும் ஏற மாட்டார்கள். நீங்கள் எல்லாரும் சொன்னது சரிதான், பச்சைப் பிள்ளைக்கு அந்த வண்டி ஆகாது என்று என்னிடமே சொல்கிறார். தொட்டிலை இஞ்ச் டேப் வைத்து அளந்துகொண்டு போய், அது பின்னால் நுழையுமா என்று பார்த்து வாங்கியிருக்கிறார். மிதிப்பது இரண்டுதானாம், கிளட்ச் கிடையாதாம். குழப்பம் ஒன்று குறையும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கடைக்காரர்கள் நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நம் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர் நான். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஓட்டப் போவது யார் என்று யோசித்தேன், பேசாமல் இருந்துவிட்டேன். சேகரகுரு ஐயா வந்து ஜெபம் செய்தது மறுநாள்தான். அதற்குள் புது வண்டியின் இடது பக்கம் நம் வீட்டுக் கேட் தூணில் உரசியாகிவிட்டது. மேஸ்திரி தூணைத் தப்பான இடத்தில் கட்டிவிட்டான் என்கிறார். நீ பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து அந்தத் தூண் அங்கேதான் நிற்கிறது.

மிச்சத்தை நீயே ஊகித்திருப்பாய். ஸ்டெபி முதலில், பிள்ளைக்கு ஊசி போட்டதால் காய்ச்சல் என்றாள். அடுத்து மழை என்றாள். அதற்கும் அடுத்து தம்பிக்குப் பரீட்சை என்றாள். தம்பி பரீட்சைக்கும் பிள்ளை வருவதற்கும் என்ன சம்பந்தம் என்று நல்லவேளையாக அப்பா கேட்கவில்லை. இப்போது வரும் சனிக்கிழமை என்று முடிவே செய்துவிட்டார். நாங்களும் சரி என்று சொல்லிவிட்டோம். வேறு என்ன சொல்ல?

ஹெப்ரான், எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வர எவ்வளவு ஆசைப்படுகிறேனோ, அவ்வளவு பயமாக இருக்கிறது. தொட்டிலைத் துடைத்துத் துடைத்துப் பழைய சேலையால் மூடி வைத்திருக்கிறேன். நீ சொன்னால் அவர் கேட்பார். ஆனால் அவர் மனம் நோகக்கூடாது, நான் எழுதினேன் என்றும் தெரியக்கூடாது. அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. நீதான் இஞ்சினியருக்குப் படித்திருக்கிறாய்.

வேளைக்குச் சாப்பிடு. ஷிப்ட் முடிந்ததும் தூங்கு. ஆண்டவர் உன்னையும், எங்களையும், சாத்தான்குளம் ரோட்டில் அன்றைக்கு எதிரே வரப்போகிற எல்லாரையும் காப்பாராக.

அன்பு அம்மா,
ஜெபராணி


பாளையங்கோட்டை
அதே திங்கட்கிழமை

அன்புள்ள ஹெப்ரானுக்கு, அப்பா எழுதுவது.

நலம். நலமறிய ஆவல். உன் அம்மா கறிவேப்பிலை வாங்கப் போயிருக்கிறாள். வாசலில் கறிவேப்பிலை மரம் நிற்கிறது. எங்கே போனாள் என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கும் உனக்கு எழுத அரை மணி நேரம் கிடைத்தது. படித்ததும் கிழித்துவிடு.

குழந்தை ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். காய்ச்சல், மழை, தம்பிக்குப் பரீட்சை. நான் கணக்கு வாத்தியார். மூன்றையும் கூட்டினால் என்ன வரும் என்று தெரியாதா? பழைய வண்டியின் இஞ்சினும் நன்றாகத்தான் இருந்தது. முகம்மது மைதீன் பொய் சொன்னால் மூக்கைத் தடவுவான், ஏழாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு மூக்கு சிவந்துபோகும் அளவுக்குத் தடவினான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் எல்லாரும் சேர்ந்து அந்த வண்டியைத் திட்டியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் விற்றேன்.

புது வண்டியை எனக்காக வாங்கவில்லை. ஸ்டெபி ஸ்கூட்டர் நன்றாக ஓட்டுவாள், லைசென்சும் இருக்கிறது. கிளட்ச் இல்லாததாக இருந்தால் அவளுக்குச் சீக்கிரம் கை வரும் என்றுதான் தேடி வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் சாவியை அவள் கையில் கொடுக்க நினைத்திருந்தேன். கடைசியில் அவள் வருவதற்கே நான் தடையாகிவிட்டேன். கடையில் அத்தனை பேர் பார்க்கச் சாவியை வாங்கிவிட்டு, ஓட்ட மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. வீடு வந்து சேரும்வரை உன் அம்மாவைவிட நான் அதிகம் பயந்தேன்.

போன வாரம் பஸ் ஏறிக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறதாம். அந்தப் பக்கம் வருவது எனக்குப் புகையாகத்தான் தெரிகிறது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டேன். பேத்தி வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடம் சொல்கிறேன்.

சனிக்கிழமை நானே ஓட்டுவேன் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்பாய். யாராவது ஒருத்தர் வேண்டாம் என்று சொல்லட்டும் என்றுதான் சொன்னேன். ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லாரும் சரி என்றார்கள்.

உன் மாமனாருக்குக் கொடுத்த வாக்கை நானாகத் திரும்பப் பெற முடியாது. எனக்கு அது அவமானம். மகன் தடுத்துவிட்டான் என்றால் அவர் ஒன்றும் நினைக்க மாட்டார். ஆகையால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ போன் செய். அப்பா ஓட்டக்கூடாது, மைதீன் ஓட்டட்டும், பிறகு ஸ்டெபி பழகட்டும் என்று கண்டிப்பாகச் சொல். அம்மா காதில் விழும்படி சொல். "முப்பது வருஷமா ஓட்டுதேன், நீ எனக்குச் சொல்லித் தாறியாலே?" என்று சத்தம் போடுவேன். பயந்துவிடாதே. மைதீனைச் சனிக்கிழமை வரச்சொல்லிப் பேசிவிட்டேன். அது யாருக்கும் தெரியாது.

நான் பின்னால் ரீபா பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். ஓட்டுகிறவன் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும். எனக்குச் சாத்தான்குளத்திலிருந்து வீடுவரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வர ஆசை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முதல் தடவை நீ சொல்லும்போது நான் கேட்க மாட்டேன். விட்டுவிடாதே மகனே, இன்னொரு தடவை சொல்.

இப்படிக்கு
உன் அப்பா,
வேதநாயகம்