அழித்த பிறகும் வந்த பெயர்

என் கோணல் எழுத்தைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளாதே. முதியோர் வகுப்புக்குப் போய் இப்போதுதான் கை படிந்துவருகிறது. ‘ழ’ மட்டும் இன்னும் வரிக்குக் கீழே நழுவுகிறது. காலையில் அலமாரியைத் திறந்தேன், சுக்கு வாசம். வீட்டில் சுக்கே இல்லை. செல்வி தந்த ஒரு தாள்தான் அதற்குள் இருக்கிறது.

உன் அண்ணன் மகள் செல்வி, மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் சுக்குப் பொறுக்கும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தாளே, அதற்காக, அங்கே காலமெல்லாம் பொறுக்கிய நீ கிடங்கு வாசலில் உட்கார்ந்து பேசினாய். “பொறுக்கியாச்சுன்னு எந்திரிச்சிடாதே, கூடையடியில ஒண்ணு ஒளிஞ்சிருக்கும்” என்றாய். அதையும் எழுதிக்கொண்டாள்.

நீ கண்மூடிய பிறகு, போன வாரம், கம்ப்யூட்டரோடு வந்தாள். யார் சொன்னது, எந்தப் புத்தகம் என்று ஒருமுறை கொடுத்துவிட்டால், கடைசிப் பக்கத்துப் பட்டியலை அதிலுள்ள சாஃப்ட்வேரே கட்டிவிடுமாம். புத்தகங்களுக்கு நடுவில் உன் பெயர்! எழுத்துக் கூட்டி நானே படித்தேன். கைநாட்டு வைத்தே காலம் கழித்தவள் நீ. உன் பெயரை அச்செழுத்தில் அன்றுதான் பார்த்தேன்.

“ரொம்ப சந்தோஷப்படாதீங்க மாமா. ஆராய்ச்சியைப் பார்க்கிற சார் அத்தை பேரை எடுக்கச் சொல்லிட்டாரு. புஸ்தகம் மட்டும் போதுமாம்.”

அழித்தாள். பட்டியலைப் புதுப்பித்ததும் வந்து நின்றது. மறுபடி அழித்தாள். வந்தது.

“பேடியாவுது மாமா.” பயத்தில் அவளுக்கு மலையாளம் வந்துவிட்டது.

“உன் அத்தையைப் பார்த்து எதுக்குடி பேடி? சாயாவைக் குடி.”

பிறகு அவளே தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். பட்டியலில் அழித்துப் பயனில்லையாம்; உள்ளே உன் பேச்சு வரும் இடத்தில் பெயர் ஒட்டியிருக்கும்வரை திரும்பத் திரும்ப வருமாம். அவளோடு படிக்கிற எல்லோரும் செய்கிற தவறுதானாம். உள்ளே தேடி, அங்கேயும் எடுத்தாள். இம்முறை நீ வரவில்லை.

தெருமுனைக் கடையில் அச்செடுக்கப் போனோம். கடைசித் தாள் சூடாக வெளியே வந்தது. கடைசி வரியில் நீ.

செல்வி கை நீட்டவில்லை.

“எந்தா மோளே, பிரின்ட் சரியில்லே?” என்றார் கடைக்காரர்.

“சரிதான் சேட்டா” என்றாள், குரலே எழும்பாமல். என்னிடம் திரும்பி, “இனி நான் தொட மாட்டேன் மாமா. சார்கிட்ட அப்படியே குடுத்துடறேன்” என்றாள். கொடுத்தும்விட்டாள். இன்னொரு பிரதி எனக்கு.

உனக்குப் படிக்கத் தெரியாதே, எழுதி என்ன பயன் என்று இத்தனை நாள் தயங்கினேன். இப்போது தயக்கமில்லை. அடுத்த வாரமும் எழுதுவேன். அடியில் உனக்கென்று ஒரு வரி காலியாக விட்டுவைப்பேன்.