ரிவால்வரில் ஒரு பொட்டு

அக்டோபர் 18, சனி. சுகர் லேண்ட், டெக்சாஸ்.

"வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதீங்க அங்கிள்" என்று பக்கத்து வீட்டுச் செந்தில் இன்று என்னை ஷூட்டிங் ரேஞ்சுக்கு இழுத்துப் போனான்.

அவனுடையது புது பிஸ்டல். பதினேழு குண்டு, கனமே இல்லை. என்னுடையது ஆறு குண்டு ரிவால்வர், பழைய இரும்பு.

"இதெல்லாம் இப்போ மியூசியம் பீஸ் அங்கிள். ரீலோட் பண்றதுக்குள்ள கதை முடிஞ்சிரும்."

ரோஷம் வந்துவிட்டது. ஆறையும் சுட்டேன். ஒரு குண்டுகூட உள்ளே சிக்கி நிற்கவில்லை. அவனுடைய பிஸ்டல் ஒரு முறை குண்டு சிக்கி நின்றது. ஆனால் அவன் சுட்டதெல்லாம் நடுவில், என்னுடையவை தாளின் ஓரத்தில். பழசு தோற்றது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். சுட்டவனுக்கு வயது அறுபத்து மூன்று.

துடைக்கும்போது செந்தில்தான் பார்த்தான், குழலின்மேல் வட்டமாகத் துரு. போன வருடம் ஆயுத பூஜையன்று கார், லேப்டாப், மிக்ஸிக்கெல்லாம் வைத்த கையோடு என் மனைவி சரோஜா இதற்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். ஈரத்தைத் துடைக்காமல் அப்படியே பெட்டியில் பூட்டியது நான். ஜனவரியில் அவள் இறந்துபோனாள். இந்த வருடம் பூஜையே செய்யவில்லை.

"புதுசுல கோட்டிங் இருக்கு அங்கிள், துருவே பிடிக்காது. ஆயில் போட்டுத் தேய்ங்க, இதுவும் போயிடும்."

சரியென்று எண்ணெயும் துணியும் வாங்கி வந்தேன். மேசைமேல் இருக்கின்றன. புட்டியை இன்னும் திறக்கவில்லை. துருவின்மேல் என் மோதிர விரலை வைத்துப் பார்த்தேன். வட்டத்துக்குள் அடங்கவில்லை. அவள் விரல் அவ்வளவு சின்னது.