நூற்றிருபது மீட்டர் வீரன்

பிப்ரவரி 27
கொழுந்தன் எதில்பெர்த்தோ ஹுலியாக்கா நகரத்திலிருந்து ஒரு ட்ரோனோடு வந்திறங்கினான். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு வாங்கினானாம். அதுவாவது சந்தைக்கு மூட்டை சுமந்தது. இதைப் பறக்கவிடவே பயப்படுகிறான்.

"நூத்தியிருபது மீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம் அண்ணி. நாம இருக்கறதே நாலாயிரத்து முந்நூறு!"

கடல்மட்டத்திலிருந்து கணக்குப் போட்டிருக்கிறான், மேதாவி. அப்படிப் பார்த்தால் படுக்கையை விட்டு எழுந்ததுமே ஊரோடு ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

மார்ச் 4, கார்னிவல் செவ்வாய்
பூமித்தாய் பச்சமாமாவுக்கு முதல் வாய் ஊற்றிவிட்டு வீட்டுக்கும் பட்டிக்கும் பீர் தெளித்தோம். இவன் ட்ரோனுக்கும் தெளித்துக் காகித மாலை சுற்றினான். மாலையோடேயே கிளப்பினான். முழ உயரம் எழும்பி என் காலடியில் குப்புற விழுந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மார்ச் 7
இறக்கையை மாற்றிவிட்டான். பட்டியிலிருந்து பறக்கவிட்டான். என் அல்பாக்காக்கள் மேல்சரிவில் மேய்ந்துகொண்டிருந்தன. இது பாதி மலை ஏறி நின்றுவிட்டது. நூற்றிருபது ஆகிவிட்டதாம்.

"கிளப்பின இடத்துலேர்ந்துதான் அதுக்குக் கணக்கு அண்ணி. கடலும் தெரியாது, மலையும் தெரியாது."

மலை தெரியாத ஒன்றை மலைக்கு வாங்கி வந்தவனை என்ன சொல்ல? என் வலிக்கிற முட்டி அதைவிட மேலே ஏறும்.

மார்ச் 11
பனிப்புயல். மந்தை திரும்பவில்லை. பாதிக்கு மேல் சினை. என் வீட்டுக்காரர் போர்பிரியோ சுரங்க வேலையில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. ஐயோ, எங்க போய்த் தேடுவேன்? அதுங்க போச்சுன்னா இந்த வீட்டுல மிச்சம் என்ன இருக்கு?

மார்ச் 12
விடிந்ததும் கணவாய்க்கு ஏறினோம். "இங்கேர்ந்து கிளப்பினா அந்தப் பக்கம் முழுக்கப் பாக்கலாம்" என்றான். பள்ளத்துக்குள் இறக்கினான். திரையில் எண் பூஜ்யத்துக்குக் கீழே போனது. கருப்புப் பாறைக்குப் பின்னால் பனியில் ஒட்டிக்கொண்டு நின்றன, என் பிள்ளைகள்.

மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. "அதோட வெளிச்சத்தையும் சத்தத்தையும் வச்சு இறங்குங்க, நான் இதை அங்கேயே நிறுத்தி வைக்கறேன்" என்றான். விழுந்து எழுந்து இறங்கினேன். கை மந்தையின் ரோமத்தில் பட்ட பிறகுதான் மேலே சத்தம் மாறியது. பேட்டரி தீரப்போகிறதென்று, அது தானாகக் கிளப்பின இடத்துக்கே திரும்பக் கிளம்பிவிட்டது. கணவாயைவிட முப்பது மீட்டர் உயரத்தில் நேராகப் போகும்படி வைத்திருந்தானாம். நடுவிலிருக்கும் அந்தக் கருப்புப் பாறை அதைவிட உயரம். மோதிய சத்தம் எனக்கே கேட்டது.

மந்தையோடு மேலே வந்ததும் திட்டினேன். "பாறை இருக்குன்னு தெரியாதா?"

"தெரியும் அண்ணி."

"அப்ப பேட்டரி இருக்கறப்பவே சுத்தி ஓட்டிட்டு வந்திருக்க வேண்டியதுதானே, முட்டாளே?"

"நீங்க இன்னும் மந்தைகிட்டப் போய்ச் சேரலையே."

மார்ச் 13
இரண்டுக்குச் சினை கலைந்துவிட்டது. மற்றதெல்லாம் பிழைத்தது. அவன் சுன்யோ சூப்பை, பனியில் உலர்த்திய உருளைக்கிழங்குச் சூப்பை, குடித்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 2
மந்தையைத் தினமும் அந்தப் பள்ளத்துக்கே ஓட்டிக்கொண்டு போகிறேன். இதுவரை ட்ரோனின் ஒரு இறக்கையும் பாதி உடம்பும் கிடைத்திருக்கின்றன. என் பெட்டியில் வைத்திருக்கிறேன். அங்கே புல் நன்றாக இருக்கிறது என்று எதில்பெர்த்தோவிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மடையனும் நம்புகிறான். அங்கே புல்லே கிடையாது.