கிரீடம் வைத்த பிளக்ஸ்

அருப்புக்கோட்டை
26.11.2024

அன்புள்ள ஜெகதீஸ்வரி மதினிக்கு,

அமுதவள்ளி எழுதுவது. மாமாவும் அத்தையும் சுகம்தானே? ரெட்டியபட்டிப் பக்கம் மழை எப்படி? இங்கே தூறிவிட்டுப் போனதோடு சரி. பாப்பாவுக்குச் சளி இன்னும் விடவில்லை. மூச்சு கர் கர் என்கிறது. நெஞ்சில் காதை வைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன, போனை விட்டுவிட்டுக் கடிதத்தில் இறங்கிவிட்டாள் என்று பார்க்கிறாயா? இரண்டு நாளாகக் கூப்பிடுகிறேன், நீ எடுக்கவில்லை. மாமா போனும் அடித்து அடித்து நிற்கிறது. என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள் என்பதற்காக மதினி என்று கூப்பிட வைத்தவள், தாய்மாமன் மகள், இப்படி முகம் திருப்பலாமா?

ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் புத்தகத் திருவிழாவுக்கு எல்லோரும் வந்திருந்தீர்களாம். பிறகுதான் கேள்விப்பட்டேன். என் நாவலை அரங்கின் முகப்பிலேயே அடுக்கியிருந்தார்கள். பேட்டி வேறு. அந்தக் கூட்டத்தில் யாரையும் கவனிக்க முடியவில்லை. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாசலில் வந்து நின்றிருப்பேனே.

‘கரம்பைநாட்டு இளவரசி’ ஒரு பிரதி இத்துடன் அனுப்புகிறேன். பன்னிரண்டு வயதில் அரியணை ஏறும் பெண்ணின் கதை. மேகங்களைக் குடத்தில் அடைத்து வைத்திருக்கும் மந்திரவாதிகளும் உண்டு. நீ படித்துவிட்டு மாமாவுக்கும் சொல்.

தை பிறந்ததும் பாப்பாவுக்குக் காது குத்த வேண்டும். எனக்கு உடன்பிறந்தவன் இல்லை. மாமா மடியில் வைத்துத்தான் குத்துவது என்று அவள் பிறந்த அன்றே பேசியது. நினைவிருக்கட்டும்.

அன்புடன்,
அமுதவள்ளி

✦

எம். ரெட்டியபட்டி
3.12.2024

அமுதாவுக்கு,

ஜெகதீஸ்வரி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பாப்பாவுக்குத் தூதுவளை ரசம் வைத்துக் கொடு.

கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அடியே, நாங்கள் வந்தது ஈ எறும்பாகவா? பதினோரு தட்டு, பட்டுச்சேலை, ஆள் உயர மாலை, கொட்டுக்காரர் இரண்டு பேர். போதாததற்கு உன் படம் போட்ட பிளக்ஸ். ராணி கதை எழுதியிருக்கிறாள் என்று அப்பா சொன்னதைக் கேட்டு, பிளக்ஸ் கடைப் பையன் உன் தலையில் கிரீடத்தையே வைத்துவிட்டான். இரண்டு பக்கமும் சிங்கம். “எங்கள் குலக்கொடியே, மகாராணியே வருக.” கீழே எங்கள் எல்லோருடைய பெயரும். அவ்வளவையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

புத்தகம் போடுகிற இடத்துக்கு யாராவது சீர் கொண்டுபோவார்களா என்று நானே கேட்டேன். “ஏன், பிள்ளை சடங்கானா மட்டும்தான் சீரா? அவ அம்மா இருந்தா சும்மா விட்டுருவாளா? அக்கா இல்லாத எடத்துல நாந்தான நிக்கணும்” என்றார் அப்பா.

நீ எங்களைப் பார்த்தாய். உன் பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர், “இதென்ன, கட்சி ஊர்வலமா?” என்று சிரித்தார். நீ சொன்னாய்: “தெரியல சார். வேற யாரையோ தேடி வந்திருக்காங்க போல.”

நான் பத்தடியில் நின்றேன். அப்பா எனக்கும் முன்னால்.

அவர் கொட்டுக்காரர் பக்கம் திரும்பி, “ஏலே, நிப்பாட்டுங்கடா. நம்ம வேற எடத்துக்கு வந்துட்டோம்” என்றார். தட்டுகளை அப்படியே திருப்பி ஏற்றினோம். 

பழத்தைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று. சேலையை அம்மா உடுத்தமாட்டேன் என்கிறது. பிளக்ஸை ஆட்டுக்கொட்டகைமேல் கட்டியிருக்கிறோம், பனிக்கு நன்றாகத் தாங்குகிறது. கிரீடத்தோடு சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

ஜெகதீஸ்வரி

✦

அருப்புக்கோட்டை
9.12.2024

மதினி,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றே படித்தேன். பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை.

பார்த்தேன். சத்தம் கேட்ட உடனேயே பார்த்தேன். மாமாவின் புது வேட்டி, அகலக்கரைத் துண்டு, அத்தை தலையில் தூக்கி வந்த தட்டு, எல்லாமே. அப்போதுதான் அந்தக் கண்ணாடிக்காரப் பெரியவர் என் எழுத்தை நாலு பேர் முன்னால் பாராட்டிக்கொண்டிருந்தார். என் தோளில் பாப்பா கக்கிய பால் காய்ந்து கிடக்கிறதே, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையை இழுத்து இழுத்து மூடியபடி நின்றிருந்தேன். இவர்கள் நடுவில் நானும் ஒருத்தி என்று நம்ப ஆரம்பித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. என் தலையில் கிரீடம் வைத்த பிளக்ஸ் கூட்டத்துக்கு மேலே ஆடி ஆடி வந்தது. சுற்றி நின்றவர்கள் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. தானாக இல்லை மதினி. யோசித்துத்தான் சொன்னேன்.

மாமா காதில் விழுந்திருக்காது என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். முதல் கடிதத்தில் பொய் எழுதியது அதனால்தான். வீட்டில் இவுக, “உங்க மாமா வீட்டுலருந்து ஒருத்தரும் வரலையா?” என்று கேட்டபோதும் இல்லை என்றேன். “பருத்திக்குக் களை எடுக்குற நேரம், பாவம்” என்று மாமாவுக்காகப் பரிந்து பேசினார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சோறு போட்டேன்.

அந்த நாவலைப் பற்றி இங்கே யாராவது பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். அலமாரியில் அட்டை தெரியாதபடி திருப்பி வைத்திருக்கிறேன்.

அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு உங்கள் வீடுதான். மாமாவிடம் நேரில் வந்து கேட்கத் தைரியம் இல்லை. நீ கேள். காதுகுத்துக்கு வருவார்களா? வேறு யார் மடியிலும் பாப்பாவை வைக்க எனக்கு மனசில்லை.

அமுதவள்ளி

✦

எம். ரெட்டியபட்டி
28.12.2024

அமுதாவுக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பிளவுஸ் தைக்கிற இடைவேளையில் உன் புத்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து முடித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், பாவி.

முடிசூட்டும் அத்தியாயத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன். ஏழு கடல் தாண்டி வந்த ராஜாக்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் தாய்மாமன் புழுதிக் காலோடு கம்பு நிறைந்த பானையைச் சுமந்து வருகிறான். காவல்காரன் ஈட்டியால் மறிக்கிறான். பிள்ளை அரியணையிலிருந்து இறங்கி ஓடி வந்து, “இவர் என் தாய்மாமன். இவர் கையால் வைத்தால்தான் இது கிரீடம்” என்கிறது.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. கேட்டுவிட்டு, “நல்ல பிள்ளை” என்றார். நீயா, அந்த ராணியா என்று நான் கேட்கவில்லை.

காதுகுத்துக்கு வருவார். மடியும் கொடுப்பார். நீ எழுதியதைச் சொன்னபோது உன்மேல் ஒரு கோபம் இல்லை அவருக்கு. அதுதான் எனக்கு எரிகிறது. “நம்மதான் எடம் தெரியாமப் போய்ப் பிள்ளையைச் சங்கடப்படுத்திட்டோம். அது பழகுற ஆளுக வேற. இனிமே தட்டு, கொட்டு ஒண்ணும் வேண்டாம். நான் மட்டும் சத்தமில்லாமப் போய்ட்டு வாரேன்” என்கிறார்.

சீர் இல்லாமல் ஒரு தாய்மாமன் காதுகுத்துக்குப் போவது நம் சனத்தில் உண்டா? எங்கள் அப்பாவை அப்படிப் போக வைத்துவிட்டாய்.

ஜெகதீஸ்வரி

✦

அருப்புக்கோட்டை
27.1.2025

அன்புள்ள மதினிக்கு,

நீ வரவில்லை. காய்ச்சல் என்று மாமா சொன்னார்கள். நம்பியதாகத் தலையாட்டினேன். அத்தைக்கும் காய்ச்சலாம்.

உன் கடிதம் வந்த அன்றே மாமாவுக்குப் போன் போட்டேன். எடுத்தார்கள். ‘தட்டோட, கொட்டோட வாங்க மாமா, அந்த பிளக்ஸையும் அவுத்துக்கிட்டு வாங்க’ என்று கெஞ்சினேன். “சரி ஆத்தா, சரி ஆத்தா” என்றார்கள். வந்தது ஒற்றை ஆளாய், பஸ்ஸில். வேட்டி இல்லை மதினி. பேன்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் கட்டி! மாமாவைப் பேன்ட்டில் நீ பார்த்திருக்கிறாயா? கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் பாப்பாவுக்குக் கவுனும் தங்கக் கம்மலும்.

கோவில் வாசலில் நானே கொட்டுக்காரர்களை நிறுத்தியிருந்தேன். மாமா தலையைக் கண்டதும் அடிக்க ஆரம்பித்தார்கள். பதறிப்போய்க் கையை ஆட்டி, “மெதுவாப்பா, பிள்ளைக்கு ஆகாது” என்று நிறுத்திவிட்டு ஓரமாக உள்ளே போய்விட்டார்கள். கையெடுத்துக் கும்பிட்டேன். பேச விடவில்லை. “பாப்பாவுக்குச் சளி தேவலையா?” என்று கேட்டார்கள்.

மடியில் வைத்துக் குத்தியபோது பாப்பா வீறிட்டாள். மாமாவின் சட்டையைப் பிடித்தவள் விடவே இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் பழைய மாமாவாக, “அடி என் ராசாத்தி, எவன்டி ஒன்னைக் குத்துனது” என்று சத்தமாகக் கொஞ்சினார்கள். பிறகு சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

போட்டோ எடுக்கிறவர் எல்லோரையும் நிற்கச் சொன்னார். மாமா பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு விலகப் போனவர்கள், என் காதோரம் குனிந்து கேட்டார்கள்:

“ஆத்தா, இதுல நான் நிக்கலாம்ல?”

கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினேன். ‘இவுக என் தாய்மாமா’ என்று போட்டோக்காரரிடம் சொன்னேன். இவுக யார் என்று அவர் கேட்கவே இல்லை. அந்தக் கோவிலில் மாமாவைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாததை, தேவையில்லாத இடத்தில் உரக்கச் சொன்னேன்.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பார். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். மாமா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், எந்த நிமிஷம் நகரச் சொல்வேனோ என்று.

அமுதவள்ளி