ஃபஸ்லானின் ரோட்டரி

2024 ஜூன் 9, ஞாயிறு

மீன் ஆணம் அடிப்பிடித்துவிட்டது. தம்பி ஃபஸ்லான் முற்றத்தில் அந்த எஞ்சினை முதல் தடவையாக ஓடவிட்டான்; அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

கற்பிட்டியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவரின் சின்னப் பறக்கும் வண்டியில் இருந்தது அது. வண்டி உடைந்ததும் எஞ்சினைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஊர் போய்விட்டார். ரோட்டரி. பிஸ்டன் கிடையாது, மேலும் கீழும் எதுவும் போய்வராது. கூட்டுக்குள்ளே முக்கோணத் துண்டு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய பைக் ஒன்றின் சட்டத்தில் ஏற்றியிருக்கிறான்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் தாங்கியின் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக் காட்டினான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பயிற்சி நிலையத்தில் பத்து வருடத்துக்கு மேல் எஞ்சின் படிப்பிக்கிறேன். ரோட்டரியைப் படத்தில்தான் கண்டிருந்தேன்.

"ஆகஸ்ட் ஓட்டத்துக்கு இதான், ராத்தா."

ஜூன் 30

பைக் ஓட்டக் கழகத்தின் கூட்டம், பாலாவியில். ஓட்டத்துக்கு வரும் பைக்குகளைப் பரிசோதிப்பது என் பொறுப்பு. தலவில ஊர் வின்சன்ட் எழுந்தார். தம்பி ஓட நினைக்கும் நானூற்றைம்பது சீசீ பிரிவில் வருடாவருடம் வெல்பவர்.

"மிஸ், ஃபஸ்லான் முந்நூறு சீசீக்குக் குறைவு எண்டுறார். நான் அவரோட ஓடிப் பாத்தன். முந்நூறு அப்பிடி ஓடாது. நீங்க அக்கா எண்டதால கேக்காம விடேலாது."

மரியாதையாகத்தான் கேட்டார். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 3

வாசித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் சண்டை புதிதே இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ரோட்டரி பைக்குகள் பெரிய ஓட்டங்களையே வென்றிருக்கின்றன. அங்கேயும் இதே கேள்விதான்: இதை எத்தனை சீசீ என்று எண்ணுவது? கொஞ்ச வருடத்தில் அவை ஓட்டத்திலேயே இல்லை. விதி ஒரு பக்கம். சூடு, குடிக்கும் பெட்ரோல், புகை இன்னொரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேல், அதைத் தொடர்ந்து செய்து திருத்த ஆளில்லை. மற்றவர்கள் எல்லாரும் பிஸ்டனைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

தனியாக நிற்பதும் ஒரு குறைதானா?

ஜூலை 7

சொல்லிவிட்டேன்.

சாதாரண எஞ்சினில் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடிப்பு. இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. ஆகவே இரண்டால் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட அறுநூறு. தம்பி ஓப்பன் பிரிவில், பெரிய பைக்குகளோடுதான் ஓடலாம்.

அவன் எழுந்து வெளியே போனான். வீட்டுக்கு வந்த பிறகு உம்மா முன்னால் கேட்டான்: "வேற ஆள்ட பைக் எண்டா ஒண்டால பெருக்கியிருப்பீங்களா?"

இல்லை என்றேன். இல்லவே இல்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த 'இல்லை' எனக்கே பொய் போலக் கேட்டது.

ஜூலை 8

தம்பி என்னோடு கதையில்லை, பேச்சே இல்லை.

ஜூலை 21

இன்னும் கதையில்லை. உம்மா நடுவில் நின்று, "மகள், அவன் சோறு வேணாமாம்", "மகன், ராத்தா கூப்பிடுறா" என்று இரண்டு பக்கமும் தூது போகிறா. நான் சரியாகத்தான் செய்தேன். சரியாகச் செய்தவளுக்கு ஏன் சோறு இறங்குதில்ல?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தலவில தேவாலயத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, அங்கே மணல் வெளியில் இன்று ஓட்டம். காலையில் ஃபஸ்லானின் பைக்கைப் பரிசோதித்தேன். புகைக்குழாய் காலுக்கு மிகக் கிட்ட. சூடு படாமல் மறைப்புத் தகடு அடித்தால்தான் விடுவேன் என்றேன். அடித்தான், என்னைப் பார்க்காமலே.

இரண்டாவதாகக் கிளம்பினான். மூன்றாம் சுற்றில் முந்திவிட்டான். பெரிய பைக்குகள் மணலில் உறுமித் திணற, அவனுடையது ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போனது. பரிசோதகர் கை தட்டக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அல்லாஹ்வே, கண்ணை மட்டும் கட்ட முடியவில்லை.

பிறகு சத்தம் மாறியது. வளைவுக்கு வளைவு இழுவை குறைந்தது. ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். கடைசிச் சுற்றில் நின்றுவிட்டது. வின்சன்ட் ஓடிப்போய்த் தம்பியோடு சேர்ந்து பைக்கை வெளியே தள்ளினார். தகடு இருந்தும் தம்பியின் கெண்டைக்கால் வெந்திருந்தது. மருந்து போட நான் கிட்டப் போனேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 25

எஞ்சினைக் கழற்ற வரச் சொன்னான். சொன்னது உம்மாவிடம் இல்லை, என்னிடம்.

முக்கோணத்தின் மூன்று நுனியிலும் கசிவை அடைக்கும் சீல்கள் தேய்ந்து சில்லுச் சில்லாக உடைந்திருந்தன. கூட்டின் சுவரெல்லாம் கீறல். சூடு தின்றிருக்கிறது.

"ஏன் ரெண்டால பெருக்கினன் எண்டு விளங்கப்படுத்தவா?" என்று கேட்டேன்.

"தெரியும் ராத்தா. நானும் கணக்குப் பாத்த. தெரிஞ்சதாலதான் கோவம்."

2025 பெப்ரவரி 16

கூட்டம். 'பிஸ்டன் எஞ்சின் மட்டும்' என்று விதியில் எழுதுவோம் என்றார் ஒருவர். வேண்டாம் என்று நான் வாய் திறப்பதற்குள் வின்சன்ட் எழுந்தார்: "என்னத்துக்கு? ஒருத்தர் வேற மாதிரி ஒண்டு கொண்டுவந்தா ஓடட்டுமே."

ஃபஸ்லான் உட்கார்ந்தபடியே சொன்னான்: "எழுதத் தேவையில்ல. நான் எல்லா இடமும் கேட்டுப் பாத்த. சீல் கிடைக்கிறல்ல. இனி அது வராது."

ஒரு பொருளை ஒழிக்க விதிகூட வேண்டியதில்லை போலிருக்கிறது. திரும்பும் வழியில் உப்பளங்களைப் பார்த்தபடி வந்தான். கொஞ்சம் பொறுத்து, கழகத்தில் பரிசோதனைக்கு இரண்டாவது ஆள் தேடுகிறோம் என்றேன். சிரித்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்த வருட ஓட்டம். பரிசோதனை மேசையில் தம்பியும் நானும்.

தில்லையடி அப்ரா, ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவள், தானே பாகம் பாகமாகப் பூட்டிய மின்சார பைக்கைக் கொண்டுவந்தாள். எஞ்சினே இல்லை, ஒரு மோட்டாரும் பெட்டரியும். சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். "இதுக்கு எத்தின சீசீ போடுவீங்க?" என்று யாரோ சிரித்தார்கள். அப்ரா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

நான் தம்பியைப் பார்த்தேன். ஃபஸ்லான் பிரேக்கை அழுத்திப் பார்த்தான், வயர்களைப் பார்த்தான், குனிந்து சங்கிலியைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"பிரேக் நல்லம். ஓப்பனுக்குப் போங்க தங்கச்சி. முதல்ல ஓடுங்க, கணக்கு நாங்க பொறகு பாப்பம்."

மணல் ஆழமாக இருந்தது. அவள் பைக்கைத் தள்ளத் தொடங்கியதும் அவனும் எழுந்து போய்ப் பின்னாலிருந்து தள்ளினான், தொடக்கக் கோடு வரைக்கும்.