நாலாவது பாட்டின் வேகம்

திருவொற்றியூர்
12.2.2001

சுடலை,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். விஷயத்துக்கு வருகிறேன்.

நம் 'மூணாம் ஷிப்ட்' குழுவின் முதல் கேசட்டில் மூன்று பாட்டு முடிந்தது. எண்ணூர் கிரேன் கிறீச்சிடுவதும், பேசின் பிரிட்ஜில் கூட்ஸ் பெட்டிகள் மோதுவதும் சுத்தமாகப் பதிவாகியிருக்கின்றன. நாலாவதுதான் தகராறு. நீ அண்டாவில் அடித்ததைப் போட்டு ஸ்டாப்வாட்ச்சில் அளந்தேன். நிமிடத்துக்கு 92 அடியில் தொடங்கி 110-இல் முடிக்கிறாய். இதைச் சொன்னதற்குத்தான் மறுநாளே சாத்தான்குளத்துக்கு வண்டி ஏறினாய். வாட்ச் மேல் கோபப்பட்டு என்ன பயன்? மாத முடிவுக்குள் வந்து திரும்ப அடி. வராவிட்டால் கம்ப்யூட்டரில் தாளம் போட்டுவிடுவேன். அது உன்னைப் போல வேகம் பிடித்து ஓடாது. கோபித்துக்கொள்ளவும் செய்யாது.

பீம்ராவ்


சாத்தான்குளம்
19.2.2001

அன்புள்ள பீமுவுக்கு,

என் நலத்தை நீயே முடிவு செய்துவிட்டாய். பரவாயில்லை, நலம்தான்.

எங்கள் பாத்திரக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நேற்று ஒரு குடத்தில் தட்டிக்கொண்டிருந்தேன். கனத்தைச் சோதித்துக் காட்டுகிறேன் என்று நினைத்து ஓர் அம்மா மூன்று குடம் வாங்கிப் போனார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏல, வியாபாரம் ஒனக்கு ரத்தத்துலயே இருக்கு" என்கிறார். சித்திரை பிறப்பதற்குள் போர்டில் 'தங்கப்பாண்டி அண்ட் சன்' என்று எழுதப் போகிறாராம். எழுதிவிட்டால் அவ்வளவுதான். பிறகு நான் மெட்ராஸ் என்று வாயெடுக்க முடியாது.

ஏழு வருஷமாக அடிக்கிறேன். ஓடுகிறவன் என்று ஒருவரும் சொன்னதில்லை. நீ சொன்னது நெஞ்சிலேயே நிற்கிறது.

உன்
சுடலைராஜ்


திருவொற்றியூர்
27.2.2001

சுடலை,

கம்ப்யூட்டர் தாளம் போட்டாயிற்று. துல்லியமாக 92. பாட வந்த எழில்மொழி இரண்டு வரியில் நிறுத்திவிட்டாள். "இன்னா பீமு இது, தையல் மிஷினு கணக்கா கீது? மூலக்கொத்தளம் சுடுகாட்டுல பொதைச்சதுக்குக்கூட இத்தவிட உசுரு இருக்கும். அந்த அண்டாக்காரன இட்டுகினு வா, அப்பாலதான் பாடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது.

நீ நம்ப மாட்டாய் என்பதால் அன்றைய பதிவை அப்படியே நகலெடுத்து அனுப்புகிறேன். வாட்ச் வைத்துக் கேள். போட்டுக் கேட்கும்போது கடைசி அடியோடு நான் நிறுத்திவிடுவேன். நகலில் அதற்கு மேலும் கொஞ்சம் வந்திருக்கும். அதைப் பொருட்படுத்தாதே.

பீம்ராவ்


சாத்தான்குளம்
6.3.2001

அன்புள்ள பீமுவுக்கு,

கேசட்டைக் கேட்டேன். நீ சொன்னது சரி, தாளம் ஓடத்தான் செய்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டேப்பை அணைக்கப் போனபோது தங்கச்சி தங்கபுஷ்பம், "இருண்ணே, இது யாரு பால்வாடிப் பிள்ள?" என்றாள்.

நீதான். ஆரம்பத்தில் "ஒன், டூ, த்ரீ" என்று உன் எருமைக் குரலில் எண்ணுகிறாய். முடிந்ததும் "சூப்பர் மாமு! ஒரு அடி மிஸ்ஸாவல!" என்று கத்துகிறாய், ஆறு வயசுப் பிள்ளையின் குரலில். அவள் எட்டுத் தடவை போட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

ஏல பீமு, தாளம் ஓடியது என் கையால் என்றால், உன் தொண்டை எதனால் ஓடியது?

உன்
சுடலைராஜ்


திருவொற்றியூர்
14.3.2001

சுடலை,

நலமா?

மீட்டர் வைத்துப் பார்த்தேன். கீழே அத்தாவுல்லா பாய் பட்டறையில் வெல்டிங் ராடு பற்றியதும், நம் மாடியறையில் 220 வோல்ட் 180-க்கு விழுகிறது. ரெக்கார்டர் மெதுவாகச் சுற்றுகிறது. அப்படிப் பதிந்தது, பிறகு சரியான வோல்ட்டேஜில் போட்டால் வேகமாகக் கேட்கும். பாலிடெக்னிக் முதல் வருஷப் பாடம். வோல்ட்டேஜ் விழுந்தாலும் தாங்குவதற்கு, ரெக்கார்டருக்குக் கரன்ட் கொடுக்கும் எலிமினேட்டரில் ஒரு சின்னச் சாமான் போட்டிருக்க வேண்டும். அதைக் கட்டியவன் போடவில்லை. கட்டியவன் நான். வெல்டிங் சத்தமும் பாட்டில் வரட்டும் என்று பாயை வேலை செய்யச் சொன்னவனும் நான்.

பாயிடம் சொன்னேன். "நம்ப ராடு பத்தவச்சதுக்கா அந்தப் புள்ள ஊருக்குப் பூட்ச்சு? இட்டுகினு வா நைனா, ஒரு ஞாயித்துக்கெழம பட்டறையவே மூடிடறேன்" என்கிறார்.

நாலாவது பாட்டில் உன் தாளத்தை மாற்றவில்லை; எழில்மொழி அதன் மேலேயே பாடிவிட்டாள். என் கத்தலோடு அப்படியே போகிறது. கேசட் அட்டை அச்சாகிவிட்டது. இந்தக் கடிதத்தோடு ஒன்று வைத்திருக்கிறேன்:

குரல்: எழில்மொழி
தாளம்: சுடலைராஜ்
வேகக் கோளாறு: பீம்ராவ்

ஐந்தாவது பாட்டுக்கு அண்டா வேண்டும்.

பீமு


சாத்தான்குளம்
13.4.2001

அன்புள்ள பீமுவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடாததற்குக் கோபிக்காதே. அட்டையை அப்பாவிடம் காட்டத் தைரியம் வரவில்லை. இன்று பெயின்டர் ஏணியில் ஏறி 'தங்கப்பாண்டி அண்ட்' வரை எழுதியதும், இனிமேல் முடியாது என்று நீட்டிவிட்டேன்.

அப்பா கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "கோளாறுன்னு தம் பேரையே அச்சடிச்சு வச்சிருக்கானே, யாருல இந்தப் பய?" என்றார்.

"நம்ம பீமுப்பா" என்றேன்.

அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு பெயின்டரை இறங்கச் சொல்லிவிட்டார். போர்டு 'தங்கப்பாண்டி அண்ட்' என்றே நிற்கிறது. மிச்ச இடத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று, "அண்ட்?" என்று கேட்கிறார்கள். "வருவான்" என்கிறார்.

22-ஆம் தேதி ஞாயிறு காலை எழும்பூரில் இறங்குகிறேன். பாயிடம் சொல்லிவிடு. கடையிலேயே பெரிய அண்டாவைக் கொண்டு வருகிறேன். ஸ்டேஷனிலிருந்து நீதான் தூக்க வேண்டும்.

உன்
சுடலை